யுகடான்ல கூட்டமில்லாத மாயா ஊருங்க: பூக் குன்றுப் பக்கம் குகை, இடிபாடு, சந்தை எல்லாம் நிதானமா சுத்த ஒரு முழு வழிகாட்டி

மெக்சிகோல யுகடான் போறேன்னு யாராச்சும் சொன்னா மேக்சிமம் என்ன பண்ணுவாங்கன்னு தெரியும், கான்குன்ல இறங்கி, சிச்சேன் இட்சாவுக்கு பஸ் புடிச்சு, அங்க ஆயிரம் பேரோட நின்னு ஒரு செல்ஃபி, வர்ற வழியில செனோட்டேன்னு சொல்ற பாறைக் கிணறு ஏதோ ஒண்ணுல குதிச்சு ஒரு குளியல், முடிஞ்சது. தப்பு சொல்லல. ஆனா மெரிடாவுக்குத் தெற்கே ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டினா பூக்னு ஒரு குன்றுப் பகுதி இருக்கு, அங்க மாயாக்காரங்க கட்டின அரண்மனை ஒவ்வொண்ணும் காட்டுக்குள்ள நிக்குது, பல நாள் காலைல நீங்களும் டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கிற ஆளும் ரெண்டு உடும்பும் மட்டும்தான் இருப்பீங்க.

எல்லாரும் இதை ஒரே நாள் டூரா விக்கிறாங்க. காலைல மெரிடால ஏறி உஷ்மல், கபா, சாயில், லப்னான்னு நாலு இடிபாட்டையும் ஒரே மூச்சுல பாத்துட்டு சாயங்காலம் திரும்ப ஹோட்டல். அப்படிப் போனா மூணாவது இடத்துக்கு அப்புறம் எல்லா கல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் சொல்றது வேற ரூட்டு. இங்க பாக்குற ஒவ்வொரு எடத்துலயும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கிட்டே போங்க: இவங்களுக்குத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு? ஏன்னா யுகடானோட வடக்குப் பக்கம் சமதளம், சுண்ணாம்புப் பாறை இடிஞ்சு விழுந்து உண்டான செனோட்டே கிணறு எங்க பாத்தாலும் இருக்கும். பூக் பக்கம் வந்தா நிலம் மேடாயிடுது, நிலத்தடி நீர் ரொம்ப ஆழத்துக்குப் போயிடுது, ஆறு கிடையாது, ஏரி கிடையாது, செனோட்டேயும் கிட்டத்தட்ட கிடையாது. ஆனா மண்ணு மட்டும் அருமையான செம்மண்ணு, சோளம் நல்லா வெளையும். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஜனங்க கி.பி. 750-ல இருந்து 950 வரைக்கும் இவ்ளோ பெரிய ஊருங்களைக் கட்டி வாழ்ந்திருக்காங்க. அது எப்படின்னு புரிஞ்சுட்டா குகை, கோயில், இப்ப இருக்குற சந்தை ஊரு எல்லாமே ஒரே கதையாயிடும்.

எப்ப போறது, உள்ள போக என்ன வேணும்

நவம்பர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் நல்ல டைம். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் 40 டிகிரி தாண்டும், காடு பூரா இலையுதிர்ந்து நெழலே இருக்காது, நமக்குத்தான் வெயில் பழக்கமாச்சேன்னு தெனாவட்டா போகாதீங்க, மரமில்லாத கல்லு முற்றத்துல மத்தியானம் நிக்கிறது வேற கணக்கு. ஜூன்ல இருந்து அக்டோபர் மழை, கூடவே புயல் சீசன். மழை மாசத்துல ஒரு நல்லது உண்டு, காடு பச்சைப் பசேல்னு இருக்கும். ஆனா கொசுவும் குகை வழுக்கலும் ஜாஸ்தி.

இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் ரெண்டுக்குமே மெக்சிகோ விசா வேணும், ஆனா செல்லுபடியாகுற அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் இல்லன்னா ஷெங்கன் விசா ஏதாவது ஒண்ணு இருந்தா தனி விசா இல்லாமயே உள்ள விடுவாங்க. மேக்சிமம் 180 நாள், எத்தனை நாள்னு எழுதுறது இமிக்ரேஷன் ஆபீசர் கையில. அமெரிக்கா வழியா ஃப்ளைட் மாறினா அமெரிக்க விசா எப்படியும் வேணும்ங்கிறதை மறந்துடாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி தூதரக வெப்சைட்டை ஒரு தடவ பாத்துடுங்க.

இன்னொண்ணு, கான்குன் இருக்குற கின்டானா ரோ மாநிலமும் மெரிடா இருக்குற யுகடான் மாநிலமும் ஒரு மணி நேரம் வித்தியாசம். கான்குன்ல இருந்து ஓட்டிட்டு வந்தா ஒரு மணி நேரம் லாபம், திரும்பிப் போகும்போது அதே ஒரு மணி நேரம் போயிடும், ஃப்ளைட் நாளன்னிக்கு இதுலதான் மாட்டுவாங்க.

எங்க தங்குறது

மெரிடால தங்காதீங்க. அது அழகான ஊருதான், 1542-ல ஸ்பானியர்கள் தோ-ங்கிற மாயா ஊரு மேலயே, அதோட கல்லைப் பேத்து எடுத்தே கட்டினது, ரெண்டு நாள் தனியா வச்சுக்கோங்க. ஆனா பூக் சுத்துறதுக்கு பூக்லயே தங்கணும். மூணு சாய்ஸ் இருக்கு.

சான்டா எலெனா சின்ன கிராமம், உஷ்மலுக்கும் கபாவுக்கும் நடுவுல, ஹைவே 261 மேலயே. ரெண்டு மூணு தோட்டத்து கேபின் மாதிரி தங்குற எடங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பிட ஒண்ணும் கிடைக்காது. இடிபாடுதான் முக்கியம்னா இங்கயே தங்குங்க. ஓஷ்குட்ஸ்காப் பெரிய சந்தை ஊரு, சத்தம், வெளிச்சம், மோட்டோ டாக்சி, சாதாரண லாட்ஜ். கார் இல்லாம வர்றவங்களுக்கு இதுதான் சரி. மூணாவது டிகுல், பானை செய்யுற ஊரு, செருப்பு தைக்கிற ஊரு, ரெண்டுக்கும் நடுத்தரமா இருக்கும். என்னைக் கேட்டா முதல் பாதி சான்டா எலெனா, அடுத்த பாதி ஓஷ்குட்ஸ்காப்.

உஷ்மல் வாசல்லயே பெரிய ஹோட்டல் இருக்கு, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. காசு இருந்தா தங்கலாம், ஆனா ஊருன்னு ஒண்ணு அங்க கிடையாது.

வண்டி

கார் எடுத்தா பாதி கவலை தீந்துது. மெரிடா ஏர்போர்ட்லயே எடுக்கலாம். ஆன்லைன்ல காட்டுற விலையை நம்பி சந்தோஷப்படாதீங்க, மெக்சிகோல மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம், அது பல நேரம் அந்த விலையில சேந்திருக்காது, கவுன்ட்டர்ல போய் நின்ன பிறகு ரெண்டு மடங்கா சொல்லுவாங்க. புக் பண்ணும்போதே இன்ஷூரன்ஸ் சேத்து எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. ரோடு வலது பக்கம். ஒவ்வொரு கிராமத்துக்கும் உள்ள போற எடத்துல, நடுவுல, வெளிய வர்ற எடத்துல டோப்பேன்னு ஒரு ஸ்பீட் பிரேக்கர், பெயின்ட் அடிச்சிருக்க மாட்டாங்க, மர நிழல்ல கண்ணுக்கே தெரியாது, 60-ல போய் ஏறினா காரோட அடிவயிறு காலி. அதனால ராத்திரி ஓட்டாதீங்க. பெட்ரோல் முனா, டிகுல், ஓஷ்குட்ஸ்காப்ல போட்டுக்கோங்க, லப்னா பக்கத்து காட்டு ரோட்டுல பங்க் கிடையாது. போடுறப்ப மீட்டர் ஜீரோல இருக்கான்னு ஒரு பார்வை.

கார் இல்லன்னா மெரிடால சான் ஹுவான் பார்க் பக்கத்துல இருந்து கொலெக்டிவோன்னு சொல்ற ஷேர் வேன் கிளம்பும், முனா, டிகுல், ஓஷ்குட்ஸ்காப் எல்லாத்துக்கும். ஆள் நெறைஞ்சா புறப்படும். அங்க போய்ச் சேந்த பிறகுதான் கஷ்டம், ஏன்னா லப்னா, சாயில் இருக்குற அந்த ரோட்டுல ரெகுலர் பஸ்ஸே ஓடாது. ஓஷ்குட்ஸ்காப் சந்தை பக்கத்துல டாக்சியைப் பேசி அரை நாளைக்கு எடுத்துக்கணும், காத்திருக்குற நேரம் சேத்து எவ்வளவுன்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடிங்க. ரெண்டு மூணு பேரா இருந்தா கட்டுப்படியாகும்.

ஊரு பேரைச் சொல்றதுல ஒரு டிப்பு: எழுத்துல எக்ஸ் வந்தா 'ஷ்'. உக்ஸ்மல்னு கேட்டா டிரைவருக்குப் புரியாது, உஷ்மல்.

இடிபாடு பாக்குற வரிசை: கடைசில இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் உஷ்மல்ல ஆரம்பிச்சு கிழக்கால போவாங்க. நீங்க தலைகீழா போங்க. ஹைவே 261-ல கபாவைத் தாண்டி கொஞ்சம் தெற்கே போனா இடது பக்கம் ஒரு கிளை ரோடு பிரியும், அதுல சாயில், ஷ்லபாக், லப்னா வரிசையா வரும், அதே ரோடு லோல்டுன் குகை வழியா ஓஷ்குட்ஸ்காப் போய்ச் சேரும். காலைல 8 மணிக்குத் திறக்குற நேரத்துக்கு நேரா லப்னா போயிடுங்க.

லப்னால முதல்ல வளைவுகிட்ட ஓடிப் போகாதீங்க, அரண்மனைப் பக்கம் போங்க. அங்க மேல் தளத்துல ஒரு சுல்டூன் இருக்கு. சுல்டூன்னா மழைத்தண்ணி தேக்குற நிலத்தொட்டி. ஒரு பெரிய குடத்தைக் கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்ச மாதிரி, வாய் சின்னது, உள்ள வயிறு பெருசு, உள் சுவர் பூரா சுண்ணாம்புப் பூச்சு. சுத்தி இருக்குற தரையை வாய்ப் பக்கம் சரிவா சாய்ச்சு பூசி வச்சிருப்பாங்க, மழை பேஞ்சா முற்றத்துத் தண்ணி மொத்தமும் உள்ள இறங்கும். அதாவது நீங்க நிக்கிற அந்தப் பிரமாண்ட முற்றம் அலங்காரத்துக்கு மட்டும் போட்டதில்ல, அதுவே தண்ணி புடிக்கிற தாம்பாளம். இது ஒரு தடவ மண்டைல ஏறிடுச்சுன்னா அப்புறம் எந்த இடிபாட்டுக்குப் போனாலும் கண்ணு தானா தரையில ஓட்டை தேடும். எட்வர்ட் தாம்சன்னு ஒரு அமெரிக்கர் 19-ம் நூற்றாண்டு கடைசில இந்த லப்னா சுல்டூனுக்குள்ளயெல்லாம் கயிறு கட்டி இறங்கி ஆராய்ச்சி பண்ணினாரு, நீங்க இறங்க வேணாம், எட்டிப் பாருங்க போதும். எட்டிப் பாக்கும்போதும் கவனம், அந்த ஓட்டையெல்லாம் டோஹ்னு ஒரு பறவை கூடு கட்டுற எடம். ரெண்டு நீளமான வால் எறகு, முனையில மட்டும் ஒரு தட்டு மாதிரி நீலம், விருட்டுனு மூஞ்சிக்கு நேரா பறந்து வரும்.

அதே அரண்மனை முகப்புல ஒரு மூலைல பாம்பு வாயைப் பொளந்து நிக்கும், வாய்க்குள்ள ஒரு மனுஷ மூஞ்சி. கிட்ட போய்ப் பாருங்க. இன்னொரு முகமூடியோட நீட்டு மூக்குல தேதி செதுக்கியிருக்காங்க, கி.பி. 862-க்கு சமமானது. அப்புறமா மாயாக்காரங்க சுண்ணாம்பு போட்டு மேடாக்கின வெள்ளை ரோடு வழியா நடந்து வளைவுக்கு வாங்க. லப்னா வளைவை ஊர் நுழைவாயில்னு நெனப்பாங்க, கிடையாது, ரெண்டு வீட்டு முற்றத்துக்கு நடுவுல இருந்த வழி அது. மேற்குப் பக்கத்துல ரெண்டு குட்டி குடிசை செதுக்கியிருக்கும், கூரை ஓலை கூட கோடு கோடா தெரியும். சாயங்காலம் சான்டா எலெனா திரும்பும்போது ரோட்டோரத்துல அதே வடிவ ஓலை வீட்டை நெசமாவே பாப்பீங்க. இந்த வளைவோட பிரதியை அச்சு எடுத்து 1893 சிகாகோ உலகக் கண்காட்சில வச்சாங்க, அச்சு எடுத்ததும் அதே தாம்சன்தான்.

ஷ்லபாக் போற வழிதானே, பத்து இருபது நிமிஷம், ஒரே ஒரு கட்டடம் சீர் பண்ணி வச்சிருக்காங்க, டைம் இல்லன்னா விட்ருங்க.

சாயில் விடக்கூடாது. மூணு அடுக்கு அரண்மனை, கிட்டத்தட்ட 85 மீட்டர் நீளம், 90 அறைக்கு மேல. ரெண்டாவது தளத்துல தூண் தூணா நிக்கும், அதுக்கு மேல சாக் முகமூடி. சாக்னா மழைக்கடவுள், சுருண்ட நீள மூக்கு, பூக் பக்கம் எந்தச் சுவரைப் பாத்தாலும் அவரு மூஞ்சிதான், தண்ணி இல்லாத ஊருல வேற யாரைக் கும்பிடுவாங்க. 1980-கள்ல இங்க தரையைத் துருவி ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு சுல்டூனா கணக்கெடுத்த ஆய்வாளர்கள், உச்சத்துல நகரத்துக்குள்ள மட்டும் சுமார் 10,000 பேர் இருந்திருப்பாங்கன்னு மதிப்பிட்டாங்க. அத்தனை பேரும் வருஷத்துல ஆறு மாசம் தொட்டித் தண்ணியிலயே ஓட்டியிருக்காங்க. அப்ப மூணு வருஷம் சேந்தாப்புல மழை பொய்ச்சா என்னாகும்? 9, 10-ம் நூற்றாண்டு வறட்சிதான் இந்த ஊருங்க காலியானதுக்கு ஒரு முக்கிய காரணம்னு நிறைய பேர் சொல்றாங்க, அது மட்டுமேன்னு யாரும் அடிச்சு சொல்றதில்ல. அரண்மனைல இருந்து காட்டுக்குள்ள ஒரு பாதை மிராடோர் கோயிலுக்குப் போகும், நடங்க. பெரும்பாலும் யாரும் நடக்க மாட்டாங்க.

கபாவை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வச்சுக்கோங்க, ஏன்னா அங்க இருக்குற கோட்ஸ் போப்னு சொல்ற முகமூடி அரண்மனை மேற்குப் பாத்தது, சாயங்கால வெயில் விழும்போதுதான் செதுக்கல் எழும்பி நிக்கும். மத்த எடத்துல மேல் பாதி சுவர்ல மட்டும்தான் வேலைப்பாடு, கீழ வெறும் சுவர், அதுதான் பூக் பாணி. இங்க மட்டும் அடியில இருந்து உச்சி வரைக்கும் சாக் முகம், 250-க்கு மேல, ஒவ்வொண்ணும் கண்ணு தனி கல்லு, காது தனி கல்லு, மூக்கு தனி கல்லுன்னு துண்டு துண்டா செதுக்கி சேத்தது. மூக்கு பலதும் ஒடிஞ்சு கீழ கிடக்குது. ஒரு அறைக்குள்ள ஏறுறதுக்குப் படியே சுருண்ட மூக்குதான். பின்பக்கம் போனா ஆளுயர ராஜா சிலை நிக்கும், கன்னத்துல தழும்பு அலங்காரத்தோட, பாதிப் பேர் பின்னாடி போகாமயே திரும்பிடுவாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கபா வளைவு, அங்க இருந்து காட்டுக்குள்ள உஷ்மல் வரைக்கும் 18 கிலோமீட்டர் வெள்ளை ரோடு போட்டிருந்தாங்க. இங்க இருந்த செதுக்கின மர உத்தரத்தை 1842-ல ஸ்டீஃபன்ஸ்ங்கிற பயணி நியூயார்க்குக்கு எடுத்துட்டுப் போனாரு, அதே வருஷம் அங்க கண்காட்சிக் கூடத்துல தீப்புடிச்சு சாம்பலாயிடுச்சு. ஆயிரம் வருஷம் காட்டு மழையில தாங்கின மரம்.

உஷ்மலுக்கு இன்னொரு நாள். அதுவும் காலைல திறக்கும்போதே. டிக்கெட் இங்க மட்டும் ரெண்டு தடவ வாங்கணும், மத்திய அரசு ஒண்ணு, மாநில அரசு ஒண்ணு, சேத்தா மத்த எடத்தை விட பல மடங்கு. ஞாயித்துக்கிழமை மெக்சிகோக்காரங்களுக்கு சலுகை இருக்கும், அன்னிக்குக் கூட்டம். மந்திரவாதி பிரமிடு 35 மீட்டர், அடி வட்டமும் இல்லாம சதுரமும் இல்லாம முட்டை வடிவம், ஏற விடுறதில்ல. அதைப் பத்தி நெட்டுல தேவைக்கு மேலயே இருக்கு, நான் நீட்டல. ஆளுநர் அரண்மனை மேடைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்க, 100 மீட்டர் கிட்ட நீளம், முகப்புல ஆயிரக்கணக்கான கல்லு துண்டு. கி.பி. 900 வாக்குல ஆண்ட ராஜாவோட பேருலயே சாக் இருக்கு.

இந்தச் சின்ன எடங்களைப் பொறுத்தவரைக்கும் ஒரு எச்சரிக்கை, சீரமைப்பு வேலைன்னு திடீர்னு மாசக்கணக்குல மூடிடுவாங்க. முதல் நாள் சாயங்காலமே தங்குற எடத்துல கேட்டுடுங்க, அவங்களுக்குத் தெரியும். எல்லா எடத்துலயும் ரொக்கம், சில்லறையா.

குகைங்க

பேர் பெற்றது லோல்டுன், ஓஷ்குட்ஸ்காப்ல இருந்து 7 கிலோமீட்டர். மாமூத், பழங்காலக் குதிரை எலும்பெல்லாம் கிடைச்ச எடம், சுவர்ல கை வச்சு ஊதின ஓவியம், வாசல் பக்கம் ஒரு போர்வீரன் புடைப்புச் சிற்பம், தட்டினா மணி மாதிரி சத்தம் குடுக்குற கல் தூண். ஆனா சமீப வருஷங்கள்ல ரொம்ப நாள் மூடி வச்சிருந்தாங்க, அதனால இதை நம்பி பிளான் போடாதீங்க, திறந்திருந்தா லாபம்னு வச்சுக்கோங்க. உள்ள போனா மேல பாக்காம கீழ பாருங்க: கூரையில இருந்து சொட்டுற தண்ணிக்கு நேரா கீழ கல்லைக் குடைஞ்சு தொட்டி வச்சிருப்பாங்க. வெயிலே படாத, யாரும் தொடாத அந்தச் சொட்டுத் தண்ணிதான் பூஜைக்கு சுத்தமானது. மழை வரலைன்னா கிராமத்துல இன்னமும் சா-சாக்னு ஒரு சடங்கு நடத்துறாங்க, ஹ்மென்னு சொல்ற பூசாரி, மரக்கிளையால கட்டின பலிபீடம், அதோட நாலு காலடியிலயும் சின்னப் பசங்க உக்காந்து தவளை மாதிரி கத்துவாங்க. கபா சுவர்ல இருக்குற அதே சாக். எங்க நடக்குதுன்னு தேடிப் போய் நிக்காதீங்க, கூப்பிட்டா மட்டும் போங்க.

உண்மையான குகை அனுபவம் வேணும்னா கல்செஹ்டோக். இது மேற்கால, மஷ்கானு ஊருக்குப் பக்கத்துல. லைட்டு கிடையாது, படிக்கட்டு கைப்பிடி கிடையாது. முதல்ல ஒரு பிரமாண்ட குழி, உள்ளயே மரம் வளந்து நிக்கும், ஏணி வச்சு இறங்கணும். ஊர்க்காரக் குடும்பம் ஒண்ணுதான் தலைமுறையா வழி காட்டுறாங்க, வாசல்லயே இருப்பாங்க. ஈசி, நடுத்தரம், கஷ்டம்னு மூணு விதமா ரூட்டு கேப்பாங்க. முதல் தடவைன்னா ஈசி எடுங்க, ஈசியே முட்டி போட்டு தவழ வைக்கும். கஷ்ட ரூட்டுல வயித்தால ஊர்ந்து போற சந்து வரும், அங்க போய் பயந்துட்டா பின்னாடி வர்றவங்களும் மாட்டிக்கிறாங்க, கொஞ்சமாவது மூடின எடம் ஒத்துக்காதவங்க வேணாம். உள்ள பானை ஓடு, சோளம் அரைக்கிற கல்லு எல்லாம் கிடந்த எடத்துலயே கிடக்கும், ஒரு துண்டு கூட பாக்கெட்ல போடாதீங்க, அது சட்டப்படி குத்தம். 1847-ல மாயா ஜனங்க எதுத்துக் கிளம்பின, ஜாதிப் போர்னு சொல்ற கலகக் காலத்துல ஜனங்க இங்க ஒளிஞ்சிருந்த கதையை வழிகாட்டி சொல்வாரு. வெளிய வரும்போது நீங்க முழுக்க செம்மண் பொம்மை, அந்த மண்ணு துணியில இருந்து போகாது, தூக்கிப் போடுற சட்டையா போட்டுட்டுப் போங்க.

அங்கயே பக்கத்துல ஓஷ்கின்டோக் இடிபாடு, ரெண்டையும் ஒரே நாள்ல வைங்க, ஆனா இடிபாடு காலைல, குகை அப்புறம், ஏன்னா குகைக்கு அப்புறம் உங்களை எந்த டிக்கெட் கவுன்ட்டர்லயும் மனுஷனா மதிக்க மாட்டாங்க. பூக்ல மத்த ஊருங்களை விட இது பழசு, கி.பி. 475 தேதி போட்ட கல் உத்தரம் இங்க கிடைச்சிருக்கு. சட்சுன்சாட்னு மூணு அடுக்கு இருட்டு சுரங்க வழிக் கட்டடம் ஒண்ணு, சுவர்ல சின்ன ஓட்டை வழியா கோடு போட்ட மாதிரி வெளிச்சம். சில நாள் பூட்டியிருப்பாங்க, காவல்காரர்கிட்ட மரியாதையா கேளுங்க. மஷ்கானுல டிரென் மாயாங்கிற ரயிலோட ஸ்டேஷனும் இருக்கு, 2023 டிசம்பர்ல ஓட ஆரம்பிச்ச லைன்.

டெகாஷ் ஊரைச் சுத்தி குன்றுல நெறைய குகை, சோகான்டெஸ் குகை அதுல பிரபலம், பாறைல பளபளன்னு படிகம் மின்னும். ஊர்ல ஏஜென்ட்டுங்க ஹெல்மெட், கயிறு, வழிகாட்டி எல்லாம் சேத்து ஏற்பாடு பண்ணுவாங்க. குன்று உச்சியில ஒரு சின்ன சாப்பல், ஏறினா கீழ மொத்த சமவெளியும் தெரியும்.

இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தா 261-லயே தெற்கே கம்பெச்சே மாநிலத்துக்குள்ள போங்க, பொலோன்செனுக்கு. அங்க ஷ்டகும்பில்ஷுனான்னு ஒரு குகை. ஸ்டீஃபன்ஸும் ஓவியர் கேதர்வுட்டும் 1840-கள் ஆரம்பத்துல வந்தப்ப, ஊர்க் கிணறு வத்திட்டா மொத்த ஊரும் இந்தக் குகைக்குள்ளதான் தண்ணிக்கு இறங்கும். மரத்தடியைக் கட்டின பிரமாண்ட ஏணி, அதுல நூத்துக்கணக்கான ஆளுங்க பானையை முதுகுல கட்டி, நெத்தியில பட்டை மாட்டி ஏறிட்டு இருக்குறதை கேதர்வுட் வரைஞ்சு வச்சிருக்காரு. இப்ப லைட்டு போட்டு கொஞ்ச தூரம் மட்டும் விடுறாங்க, அந்த ஏணி கிடையாது, ஆனா அந்த ஆழத்தை எட்டிப் பாத்துட்டு ஒரு பானைத் தண்ணி எவ்ளோ கனம்னு யோசிங்க.

எல்லா குகைக்கும் பொதுவா: தலையில மாட்டுற டார்ச், கூடவே ஒரு எக்ஸ்ட்ரா, முட்டிக்கு மறைப்பு, நல்ல பிடிமானமுள்ள ஷூ. மாஸ்க் கட்டாயம். வவ்வால் எச்சம் காய்ஞ்ச தூசில ஒரு வகை பூஞ்சை இருக்கும், நுரையீரல்ல இறங்கினா ஹிஸ்டோப்ளாஸ்மோசிஸ்னு நோய் வரும். திரும்பி வந்து ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல், இருமல்னு வந்தா குகைக்குப் போனதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்க சொல்லலைன்னா அவருக்குத் தோணாது.

ஊருங்க

ஓஷ்குட்ஸ்காப் சந்தைக்கு விடியற்காலைலயே போங்க. ஆரஞ்சு மூட்டை மூட்டையா, பப்பாளி, அவகாடோ, பிட்டாயா, மாமே, பூ வேலை செஞ்ச வெள்ளை இப்பில் அங்கி போட்ட அம்மாங்க தரையில கூறு கட்டி வச்சு மாயா மொழியிலயே பேரம் பேசுவாங்க. தண்ணியே இல்லாத பூமின்னு சொன்னியேன்னு கேப்பீங்க. 1960-கள்ல அரசாங்கம் ஆழமா போர் போட்டு பம்பு வச்சு பாசனத் திட்டம் கொண்டு வந்துச்சு, அதுக்கு வச்ச பேரு பிளான் சாக். அதே மழைக்கடவுள், இந்தத் தடவ மோட்டாரோட.

மானி பத்து கிலோமீட்டர்ல, சின்ன ஊரு, 2020-ல சுற்றுலா ஊர்னு அந்தஸ்து குடுத்தாங்க. நடுவுல ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு பெரிய சான் மிகுவேல் மடாலயம், 1549-ல ஆரம்பிச்சது. இதுக்கு முன்னாடி இருக்குற புல்வெளியில கொஞ்சம் நில்லுங்க. 1562 ஜூலை 12-ம் தேதி டியேகோ டி லாண்டாங்கிற பாதிரியார் இங்கதான் மரப்பட்டைக் காகிதத்துல எழுதின மாயா புத்தகங்களையும் ஆயிரக்கணக்கான தெய்வ உருவங்களையும் போட்டுக் கொளுத்தினாரு. இன்னிக்கு உலகத்துல மிஞ்சியிருக்குற பழைய மாயா ஏடு மொத்தமே நாலு. வயித்தெரிச்சல் என்னன்னா, ஸ்பெயின்ல விசாரணைக்குப் போனப்ப அதே ஆளு மாயா எழுத்தைப் பத்தி எழுதி வச்ச குறிப்புதான், 1952-ல யூரி க்னோரோசோவ்ங்கிற ரஷ்யருக்கு அந்த எழுத்தைப் படிக்க வழி காட்டுச்சு. மானியில கொடுக்கில்லாத தேனீ வளக்குறவங்க இருக்காங்க, மரத்தடியைக் குடைஞ்சு அதுக்குள்ள கூடு, திறந்து காட்டுவாங்க, தேன் தண்ணியா, லேசா புளிப்பா இருக்கும். ஒரு பாட்டில் வாங்குங்க.

டிகுல்ல பானைப் பட்டறையில போய் உக்காரலாம், அவசரப்படுத்த மாட்டாங்க. சான்டா எலெனா சர்ச் குன்று மேல கோட்டை மாதிரி நிக்குது, தரைக்கடியில இருந்து கிடைச்ச குழந்தைங்களோட பதப்பட்ட உடலைப் பக்கத்து சின்ன மியூசியத்துல வச்சிருக்காங்க, குழந்தையோட போறவங்க யோசிச்சுக்கோங்க. ஸ்டீஃபன்ஸ் குரூப்பு தங்கி மலேரியால படுத்ததும் இந்த ஊர்லதான், அப்ப பேரு நோகாகாப்.

வயசானவங்களைப் பாத்தா 'பாஷ் கா வாலிக்'னு சொல்லிப் பாருங்க, என்ன சேதின்னு அர்த்தம், அவங்க சிரிச்சுட்டு 'மிஷ்பால்'னு சொல்வாங்க, ஒண்ணுமில்ல. நன்றிக்கு 'டியோஸ் போஓட்டிக்'. இதுக்கு மேல நமக்கு வராது, ஆனா இவ்ளோ போதும், அடுத்து வர்ற பேச்சோட தோரணையே மாறிடும். ஆளைக் கேக்காம போட்டோ எடுக்காதீங்க.

சாப்பாடு, முக்கியமா சைவக்காரங்களுக்கு

அசைவம்னா கவலையே இல்ல. மானியில போக் சுக், நாரத்தை மாதிரி புளிக்கிற ஆரஞ்சுல ஊற வச்சு சுட்ட பன்னிக்கறி. ஞாயித்துக்கிழமை கொச்சினிட்டா, குழிக்குள்ள வாழையிலை சுத்தி வேக வச்ச பன்னிக்கறி, காலைல பத்து மணிக்குள்ள தீந்துடும்.

சைவம்னா ஹோட்டல்ல அவரை கூட பன்னிக் கொழுப்புல தாளிச்சிருப்பாங்க. 'சின் கார்னே, சின் மன்டேக்கா'ன்னு ரெண்டையும் சொல்லணும், கறி இல்லன்னு மட்டும் சொன்னா கொழுப்பு வந்துடும். சிகில் பாக் கேளுங்க, வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் அரைச்ச தொக்கு, சுடச்சுட டோர்ட்டியாவோட நம்ம நாக்குக்கு உடனே ஒட்டிக்கும். முட்டை சாப்பிடுவீங்கன்னா பப்பட்சூலெஸ், அவிச்ச முட்டையை டோர்ட்டியாவுல சுத்தி பூசணி விதைக் குழம்பு ஊத்தினது. சாயா கீரை போட்ட முட்டை, சாயா ஜூஸும் கிடைக்கும், ஆனா சாயாவைத் தோட்டத்துல பாத்துட்டு பச்சையா மெல்லாதீங்க, வேக வச்சுதான் சாப்பிடணும், பச்சையில விஷத்தன்மை இருக்கு. அபனேரோ மிளகாய் விஷயத்துல ஆந்திரா காரம் சாப்புட்ட ஆளுன்னு வீரம் காட்டாதீங்க, நுனில தொட்டுப் பாத்துட்டு பேசுங்க.

காட்டுல கவனிக்க வேண்டியது

பாதையை விட்டு விலகாதீங்க, பாம்புக்காக மட்டும் இல்ல. மூடாத சுல்டூன் காட்டுக்குள்ள நெறைய இருக்கு, இலைக்கு அடியில வாய் தெரியாது. உண்ணி புடிக்கும், குறிப்பா வறண்ட மாசத்துல, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகுங்க, சாயங்காலம் குளிக்கும்போது இடுப்பு, முட்டி மடிப்பு பாருங்க. செசெம்னு ஒரு மரம், கருப்புப் பால் வடிஞ்ச தடம் தண்டுல இருக்கும், தொட்டா தோல் வெந்து போன மாதிரி புண்ணாகும், மழை நேரத்துல அது கீழ ஒதுங்கவும் வேணாம். தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர் காலைலயே ஏத்திக்கோங்க, லப்னா ரோட்டுல கடையை நம்ப முடியாது.

திரும்புற வழி

கடைசி நாள் டிகுல், முனா வழியா மெரிடா வாங்க. முனாகிட்ட ரோடு குன்றை ஏறி இறங்குற எடத்துல ஒரு வியூ பாயின்ட், வடக்கால சமவெளி தட்டையா மெரிடா பக்கம் விரியும், அதோட பூக் முடிஞ்சுது. நேரம் இருந்தா யாஷ்கோபோயில் அசியெண்டாங்கிற பழைய பண்ணை மாளிகையில நிறுத்துங்க, கத்தாழை நார் உரிச்ச பழைய மெஷின் அப்படியே இருக்கு. கார் திரும்பக் குடுக்குறதுக்கு முன்னாடி உள்ள ஒட்டியிருக்குற செம்மண்ணைக் கழுவிடுங்க, இல்லன்னா க்ளீனிங் சார்ஜ்னு தனியா ஒரு பில் போடுவாங்க. மெரிடா ஊருக்கு வெளிய ரோட்டோரமா பசங்க பக்கெட்டும் துணியும் வச்சு நின்னுட்டு இருப்பாங்க, அங்கயே முடிச்சுக்கோங்க.